கேலக்ஸியின் நடுவே நிறை சேர்வது எப்படி? திரள் வட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கியைச் சுற்றிக் கூடும்போதும், கல்லூரி இயற்பியல் மாணவர்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தால் போதும், எல்லாமே புரியும். கருந்துளையைச் சுற்றி வாயு தட்டையாகச் சுழலும் அக்ரீஷன் டிஸ்க் என்பதைத் திரள் வட்டு என்றும், சில இடங்களில் வட்டு என்றும் எழுதியிருக்கிறோம்.

கருந்துளை அக்கம்பக்கத்தில் இருப்பதை எல்லாம் உறிஞ்சிவிடும்தானே?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால் பூமி இருட்டில் உறையும். ஆனால் இப்போது சுற்றும் அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டேயிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கருந்துளையின் ஈர்ப்பும் மற்றப் பொருள்களின் ஈர்ப்பும் ஒன்றுதான்.

ஒரு சூரிய நிறைக்குக் கருந்துளையின் ஆரம், அதாவது உள்ளே போனது எதுவும் திரும்ப முடியாத நிகழ்வெல்லையின் ஆரம், சுமார் 3 கி.மீ. நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் சாஜிட்டேரியஸ் ஏ* சுமார் 43 லட்சம் சூரிய நிறை கொண்டது. அப்படியானால் அதன் ஆரம் ஏறத்தாழ 1.27 கோடி கி.மீ. சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்தில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. பல்லாயிரம் ஒளியாண்டு அகலமுள்ள ஒரு மண்டலத்தில் இவ்வளவு சின்ன இலக்கில் போய் விழுவது லேசான காரியம் அல்ல.

பிறகு விழவிடாமல் தடுப்பது எது?

கோண உந்தம். நிறை, பக்கவாட்டு வேகம், மையத்திலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது. யாராவது வாங்கிக்கொண்டால்தான் இது குறையும், தானாக அழியாது. கேலக்ஸி நடுவில் நிறை சேர்வது பற்றிய எல்லாக் கேள்விகளும் கடைசியில் இந்த ஒரே கணக்கில்தான் வந்து நிற்கின்றன: கோண உந்தத்தை யாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவது?

எண்ணைப் போட்டுப் பாருங்கள். சூரியன் இருக்கும் இடம் மையத்திலிருந்து சுமார் 26,700 ஒளியாண்டு. அங்கே வாயு நொடிக்கு 220 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. இரண்டையும் பெருக்கினால், ஒரு கிலோவுக்கு, 5.6 × 10^19 (கி.மீ. சதுரம் / நொடி). சுழலாத கருந்துளையைச் சுற்றி நிலையாகச் சுற்ற முடிந்த கடைசி வட்டப்பாதை மூன்று கருந்துளை ஆரத்தில் இருக்கிறது. அங்கே சாஜிட்டேரியஸ் ஏ*-க்கு இதே அளவு 6.6 × 10^12. இரண்டுக்கும் விகிதம் ஏறத்தாழ 80 லட்சம். அதாவது நம் பக்கத்து வாயு மேகம் ஒன்று உள்ளே போக வேண்டுமானால், தன்னிடம் உள்ள கோண உந்தத்தில் 80 லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதி அத்தனையையும் வழியிலேயே யாருக்காவது கொடுத்திருக்க வேண்டும்.

கொடுக்க முடியாத வாயு சுற்றிக்கொண்டே நிற்கும். வெவ்வேறு சாய்வில் சுற்றும் மேகங்கள் ஒன்றோடொன்று மோதி, மேலும் கீழுமான அசைவு வெப்பமாகிக் கழிந்துவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவான சுழற்சி மட்டும் மிஞ்சும். அதுதான் வட்டு. தட்டையாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வட்டுக்குள் கோண உந்தம் எப்படிக் கைமாறுகிறது? உராய்வா?

உராய்வு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அங்கே இருக்கும் வாயு அவ்வளவு மெல்லியது. மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் சாதாரண உராய்வை நம்பினால், பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் வாயு உள்ளே வராது. 1973-இல் ஷகுரா, சுன்யாயெவ் இருவரும் இதற்கு ஒரு நடைமுறை வழி சொன்னார்கள். கொந்தளிப்பு ஏதோ இருக்கிறது, அதன் வலிமையை ஆல்ஃபா என்ற ஒரே எண்ணில் அடக்கிவிடலாம் என்றார்கள். 0.01 முதல் 0.1 வரை வைத்தால் கணக்குகள் ஓரளவு ஒத்துவருகின்றன. ஆனால் அந்தக் கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் காந்தப் புலத்தில் இருந்தது. வட்டில் அடுத்தடுத்த இரண்டு சுற்றுப்பாதைகளில் இரண்டு வாயுக் கட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு காந்தப் புலக்கோடு ரப்பர் கயிறு மாதிரி இணைக்கிறது. உள்ளே இருப்பது வேகமாகச் சுற்றுவதால் முந்திப் போகிறது, கயிறு இழுபடுகிறது. கயிறு உள்கட்டியைப் பின்னுக்கு இழுக்கிறது, வெளிக்கட்டியை முன்னுக்கு இழுக்கிறது. அதனால் உள்கட்டி கோண உந்தத்தை இழந்து இன்னும் உள்ளே சரிகிறது. அங்கே சுற்றுவேகம் இன்னும் அதிகம். கயிறு மேலும் இழுபடுகிறது, மேலும் சரிகிறது. வெளிக்கட்டி பெற்றுக்கொண்டு வெளியே நகர்கிறது. பலவீனமான காந்தப் புலம் இருந்தாலே போதும், சில சுற்றுகளுக்குள் வட்டு முழுக்கக் கொந்தளித்துவிடும். புலம் மிகவும் பலமாக இருந்தால் கயிறு விறைப்பாகி இந்த நிலையின்மை அடங்கிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கணினி உருவகங்கள் செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் அது.

இந்த நிலையின்மையை முதலில் கணக்கில் காட்டியவர்கள் 1959-இல் வெலிகோவ், 1960-இல் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். காமராஜர் சாலையில் மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியவர். அவர் எழுதியது கருந்துளை பற்றி அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ஓடும் மின்கடத்தும் திரவத்தைப் பற்றி. திரள் வட்டுக்கு இதுவே திறவுகோல் என்று 1991-இல் பால்பஸ், ஹாலி இருவரும் காட்டினார்கள். சந்திரசேகர் என்றதும் எல்லோரும் 1.4 சூரிய நிறை வரம்பைச் சொல்கிறார்கள். கேலக்ஸி நடுவே நிறை சேர்வதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்த 1960 கணக்கு அதற்குக் குறைந்ததே அல்ல.

கருந்துளை கறுப்பு. குவாசார் மட்டும் ஏன் இவ்வளவு ஒளிர்கிறது?

குவாசார் என்பது கருந்துளை தீவிரமாக உண்டுகொண்டிருக்கும் கேலக்ஸி மையம். அங்கே ஒளிர்வது கருந்துளை அல்ல, வட்டு. உள்ளே சரியும் வாயு ஈர்ப்பு ஆற்றலை இழக்கிறது. அதில் ஒரு பகுதி கொந்தளிப்பில் வெப்பமாகி ஒளியாக வெளியேறுகிறது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7% மட்டுமே ஆற்றலாகிறது. சுழலாத கருந்துளையின் வட்டில் சுமார் 5.7%. முழு வேகத்தில் சுழலும் கருந்துளைக்குக் கோட்பாட்டு உச்சம் 42%. பொதுவாகக் கணக்குகளில் 10% என்று வைத்துக்கொள்வார்கள்.

10-இன் 39-ஆம் அடுக்கு வாட் வெளியிடும் பிரகாசமான குவாசாருக்கு 10% திறனில் ஆண்டுக்கு இரண்டு சூரியனுக்குச் சற்றுக் குறைவான வாயு போதும். இன்னொரு வகையில் சொன்னால், நொடிக்கு ஒன்றரை நிலா எடையுள்ள வாயு.

வட்டின் வெப்பநிலையை நானே கணக்கிட முடியுமா?

முடியும். ஒரு கால்குலேட்டர் போதும். ஒவ்வொரு வளையமும் தன்னுள் பிறக்கும் வெப்பத்தை அங்கேயே கரும்பொருள் கதிர்வீச்சாக விட்டுவிடுகிறது என்று கொள்ளுங்கள்.

1. ஜி (ஈர்ப்பு மாறிலி) × கருந்துளை நிறை: 10 கோடி சூரிய நிறைக்கு 1.33 × 10^28 (எஸ்ஐ அலகு).
2. உள்ளே போகும் வீதம்: ஆண்டுக்கு ஒரு சூரியன் என்றால் நொடிக்கு 6.3 × 10^22 கிலோ.
3. இரண்டையும் பெருக்கி 3-ஆல் பெருக்குங்கள்: 2.5 × 10^51.
4. 8 × பை × ஸ்டீஃபன் மாறிலி × ஆரத்தின் கனம். பத்துக் கருந்துளை ஆரம் 2.95 × 10^12 மீட்டர், எனவே 3.66 × 10^31.
5. மூன்றை நான்கால் வகுத்து, உள்விளிம்புத் திருத்தமான (1 − 3/10-இன் வர்க்கமூலம்) = 0.452-ஆல் பெருக்குங்கள்.
6. நான்காம் மூலம் எடுங்கள். சுமார் 75,000 கெல்வின்.

வீன் விதிப்படி உச்சம் 39 நானோமீட்டரில், தீவிரப் புற ஊதாவில் விழுகிறது. வழியிலுள்ள ஹைட்ரஜன் அதை விழுங்கிவிடுவதால் உச்சத்தை நேரடியாகப் பார்ப்பது கடினம், அதன் தோள்பட்டையைத்தான் பார்க்கிறோம்.

வழக்கமாகத் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஐந்தாம் படியில் உள்விளிம்புத் திருத்தத்தை மறப்பது முதலாவது. விடை 91,000 என்று வரும். கருந்துளை ஆரமும் அதில் பாதியான ஈர்ப்பு ஆரமும் கலந்துபோவது இரண்டாவது. ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டுமே புழங்குவதால் எது என்று முதல் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சிஜிஎஸ் அலகில் கிடைத்த மாறிலியை எஸ்ஐ எண்களோடு சேர்ப்பது. விடை ஐந்தாறு மடங்கு விலகினால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று. நிறை கூடக்கூட வட்டு குளிர்கிறது. அடுத்த கேள்வியில் வரும் எடிங்டன் வரம்புக்கு ஒரே விகிதத்தில் தீனி கிடைத்தால் வெப்பநிலை, நிறையின் நான்காம் மூலத்துக்கு எதிர்விகிதம். பத்துச் சூரிய நிறைக் கருந்துளையின் வட்டு கோடி கெல்வினை நெருங்கி எக்ஸ் கதிரில் ஒளிர்வதும், குவாசார் புற ஊதாவில் ஒளிர்வதும் இதனால்தான். குவாசாரிலிருந்தும் எக்ஸ் கதிர் வருகிறதே என்றால், அது வட்டுக்கு மேலே உள்ள மிகச் சூடான கொரோனாவின் வேலை. வட்டின் புற ஊதா ஒளித்துகள்களை அங்குள்ள எலெக்ட்ரான்கள் உதைத்து மேலேற்றுகின்றன.

எவ்வளவு வேகமாக வளரலாம்? வரம்பு உண்டா?

உண்டு. வெளியேறும் ஒளியின் அழுத்தம் உள்ளே வரும் வாயுவைத் தள்ளும். இரண்டும் சமமாகும் இடம் எடிங்டன் வரம்பு. ஒவ்வொரு சூரிய நிறைக்கும் சுமார் 33,000 சூரிய ஒளிர்வு. 10% திறனோடு இந்த வரம்பிலேயே விடாமல் உண்டால், நிறை இரட்டிக்கச் சுமார் 3.5 கோடி ஆண்டு ஆகும்.

பெரிய சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஒரு நட்சத்திரம் விட்டுச்சென்ற 100 சூரிய நிறைக் கருந்துளை 100 கோடி நிறை ஆக வேண்டுமானால் 23 முறை இரட்டிக்க வேண்டும். இடைவேளையே இல்லாமல் 80 கோடி ஆண்டு. ஆனால் பிரபஞ்சத்துக்கு 69 கோடி வயதே ஆனபோது 80 கோடி சூரிய நிறையோடு ஒரு குவாசார் இருந்ததை 2017-இல் அறிவித்தார்கள். ஒன்று, வரம்பை மீறி உண்ட காலங்கள் இருந்திருக்க வேண்டும். வட்டு தடித்து, ஒளியும் வாயுவோடு சேர்ந்து உள்ளே இழுக்கப்பட்டால் இது நடக்கும். அல்லது, விதையே பெரிதாக இருந்திருக்க வேண்டும். லட்சம் சூரிய நிறை விதை என்றால் 46 கோடி ஆண்டில் 100 கோடியைத் தொட்டுவிடலாம்.

வாயு மேகமே நேரடியாகச் சரிந்து அப்படிப்பட்ட பெரிய விதை உருவாகலாம் என்ற கருத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன். 2023-இல் அறிவிக்கப்பட்ட யுஎச்இசட்1 என்ற கேலக்ஸியில், பெருவெடிப்புக்குப் பின் சுமார் 47 கோடி ஆண்டில், கருந்துளையின் நிறை அங்குள்ள நட்சத்திரங்களின் மொத்த நிறைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது. இது பெரிய விதைக்கு வலுவான சாட்சி. அதன் எக்ஸ் கதிரைப் பிடித்த தொலைநோக்கியின் பெயர் சந்திரா. அதே சந்திரசேகர்தான்.

வெளியிலிருந்து வாயு நடுவுக்கு எப்படி வந்து சேர்கிறது? எங்கே சிக்குகிறது?

இதற்கு ஒரே வழி என்று இல்லை, தூரத்துக்கு ஏற்ப ஆள் மாறுகிறது. பல ஆயிரம் ஒளியாண்டு தொலைவில், நட்சத்திரங்கள் நீள்பட்டையாகச் சேர்ந்த அமைப்பும் கேலக்ஸிகளின் மோதலும் முறுக்கு விசை கொடுத்து வாயுவின் கோண உந்தத்தைப் பறிக்கின்றன. பால்வெளியில் நீள்பட்டை கொண்டுவரும் வாயு, மையத்திலிருந்து சில நூறு ஒளியாண்டில் ஒரு வளையமாகத் தேங்கி நிற்கிறது. கோடிக்கணக்கான சூரிய நிறை அங்கே இருக்கிறது. அதற்கு உள்ளே நீள்பட்டைக்குப் பிடிமானம் இல்லை.

அடுத்த சிக்கல் ஒரு ஒளியாண்டுக்குள் வருகிறது. அங்கே வட்டின் வெளிப்பகுதி குளிர்ந்து, தன் சொந்த ஈர்ப்பாலேயே துண்டுதுண்டாகி நட்சத்திரமாகிவிடுகிறது. கருந்துளைக்குப் போக வேண்டிய சாப்பாடு வாசலிலேயே காலி. சாஜிட்டேரியஸ் ஏ*-ஐச் சுற்றி ஓரிரு ஒளியாண்டுக்குள் சில மில்லியன் வயதே ஆன இளம் நட்சத்திரங்கள் வட்டாகச் சுற்றுகின்றன. அப்படி ஒரு வட்டு உடைந்ததற்கு அவை அடையாளம். இந்த ஒளியாண்டுக் கண்டத்தைத் தாண்டி வாயு எப்படிப் போகிறது என்பதே இந்தத் துறையில் மிகக் கடினமான கேள்வி என்பது எங்கள் கருத்து. கடைசி ஒளிநாள்களில் காந்தக் கொந்தளிப்பு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

நம் பால்வெளியின் கருந்துளை ஏன் மங்கலாக இருக்கிறது?

இரண்டு காரணம். தீனி குறைவு என்பது ஒன்று. அருகிலுள்ள நட்சத்திரங்களின் காற்றிலிருந்து கொஞ்சம் வருகிறது, அவ்வளவுதான். வருகிற வாயுவும் ஒளிராமலே போகிறது என்பது இரண்டாவது. மிக மெல்லிய வாயுவில் அயனிகள் சூடாகின்றன, ஆனால் ஒளிவிடும் எலெக்ட்ரான்களுக்கு அந்தச் சூட்டைக் கைமாற்ற நேரம் கிடைப்பதில்லை. வெப்பம் வாயுவோடு சேர்ந்தே நிகழ்வெல்லைக்குள் போய்விடுகிறது. தட்டையான வட்டுக்குப் பதில் உப்பிய வடிவம் கிடைக்கும். 1994-இல் இந்த மாதிரியை ரமேஷ் நாராயணும் யீயும் விரித்தெழுதினார்கள். நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்தவர். சாஜிட்டேரியஸ் ஏ*-இன் ஒளிர்வு அதன் எடிங்டன் வரம்பில் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

43 லட்சம் என்று எப்படி எடை போட்டார்கள்?

கெப்ளர் விதியே போதும். எஸ்2 என்ற நட்சத்திரம் 16.05 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கிறது. அதன் நீள்வட்டப் பாதையின் அரைப் பேரச்சு, பூமி–சூரியன் தூரத்தைப் போல் சுமார் 1,035 மடங்கு. 1,035-இன் கனத்தை 16.05-இன் வர்க்கத்தால் வகுத்தால் 43 லட்சம். முடிந்தது. 2018 மே மாதம் அது 120 மடங்குத் தூரம் வரை நெருங்கி நொடிக்கு 7,650 கி.மீ. வேகத்தில் திரும்பியது. இந்த அளவீட்டுக்காகத்தான் கென்ஸல், கெஸ் இருவருக்கும் 2020 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தொலைவிலுள்ள கேலக்ஸியில் தனி நட்சத்திரம் தெரியாது. அங்கே எதிரொலி முறை. வட்டின் ஒளி திடீரென்று கூடுகிறது. சில நாள் கழித்துச் சுற்றியுள்ள வாயுவின் நிறமாலைக் கோடும் கூடுகிறது. தாமதம் தூரத்தைச் சொல்லும், கோட்டின் அகலம் வேகத்தைச் சொல்லும். 20 நாள் தாமதம், நொடிக்கு 5,000 கி.மீ. என்றால் சுமார் 10 கோடி சூரிய நிறை. இதை வாயுவின் வடிவத்தைப் பொறுத்த ஒரு காரணியால் பெருக்க வேண்டும். அந்தக் காரணி ஒவ்வொரு கேலக்ஸிக்கும் தனித்தனியாகத் தெரியாது என்பதால் விடையில் இரண்டு மூன்று மடங்குப் பிழை சாதாரணம். இங்கிருந்து இந்த அளவீட்டைச் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஜவ்வாது மலையில் காவலூர் வானமும் மூடிவிடும். தரவில் விழும் இடைவெளியின் நீளமே போலித் தாமதமாக விடையில் தலைகாட்டும். இடைவெளியை மட்டும் வைத்துச் செயற்கைத் தரவு உருவாக்கி, அதே விடை அதிலும் வருகிறதா என்று சோதிக்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

இவ்வளவு நிறையும் உண்டு சேர்ந்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?

1982-இல் சோல்டன் போட்ட வரவு செலவுக் கணக்கு. பிரபஞ்ச வரலாறு முழுக்கக் குவாசார்கள் விட்ட ஒளியைக் கூட்டி, 10% திறன் என்று வைத்து, அதற்கு எவ்வளவு நிறை விழுந்திருக்க வேண்டும் என்று பார்க்கலாம். இன்று அருகிலுள்ள கேலக்ஸிகளின் கருந்துளைகளைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது. ஆகவே பெரும்பகுதி ஒளிரும் வட்டு வழியாகவே உள்ளே போயிருக்கிறது. கருந்துளைகள் ஒன்றோடொன்று இணைவது இருக்கும் நிறையை ஒரே இடத்தில் சேர்க்குமே தவிர, புதிதாகக் கூட்டாது.

சென்னையிலிருந்து இதில் எதையாவது கண்ணால் பார்க்க முடியுமா?

சாஜிட்டேரியஸ் ஏ* இருக்கும் திசையைப் பார்க்கலாம். ஆடி மாத இரவு ஒன்பது மணி வாக்கில், விருச்சிகத்தின் வால்நுனியான மூலத்துக்கும் தனுசு ராசிக்கும் நடுவே, தெற்கே சுமார் 48 பாகை உயரத்தில். கண்ணுக்குத் தெரியும் ஒளி அங்கிருந்து வராது, இடையிலுள்ள தூசி 30 பருமன் அளவு மறைத்துவிடுகிறது (பருமன் என்பது விண்பொருளின் ஒளியை அளக்கும் அலகு; எண் கூடினால் மங்கல்). ஐந்து பருமன் என்றால் 100 மடங்கு என்ற அளவுகோலை வகுத்தவர் போக்சன். பின்னாளில் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தை நடத்தியவரும் அவரே. அவர் கணக்கில் 30 பருமன் என்பது, புறப்பட்ட ஒளித்துகளில் லட்சம் கோடிக்கு ஒன்றுதான் வந்து சேரும் என்பது.

650 கோடி சூரிய நிறைக் கருந்துளை இருக்கும் எம்87 கேலக்ஸி நமக்கு வரப்பிரசாதம். அதன் சாய்வு (வானத்து அட்சரேகை) +12.4 பாகை, சென்னையின் அட்சரேகை 13.1. அதனால் சித்திரை மாதத்தில் இரவு ஒன்பது முதல் பதினொன்றேகாலுக்குள் ஏறக்குறைய நேர் உச்சியைக் கடக்கிறது. உத்திரம் எனும் டெனெபோலாவுக்கும் கன்னியின் விண்டெமியாட்ரிக்ஸுக்கும் கோடு போட்டு, நடுவிலிருந்து சற்றே கிழக்கே தேடுங்கள். பருமன் 8.6. நகர வெளிச்சத்தில் கிடைக்காது. ஜவ்வாது மலை போன்ற இருட்டான இடத்தில் 6 அங்குலத் தொலைநோக்கியில் மங்கிய பஞ்சு உருண்டையாகத் தெரியும். டாப்சோனியன் (அடிப்பலகையில் திருப்பும் எளிய வகைத் தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் சரியாக உச்சியில் வரும்போது பிடிக்க முயல வேண்டாம். அங்கே அடிப்பலகையை எவ்வளவு திருப்பினாலும் குழாய் பக்கவாட்டில் நகராது. ஒரு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்.

திரள் வட்டின் ஒளியையே கண்ணில் வாங்க வேண்டுமானால் 3சி 273. 1963-இல் ஷ்மிட் அடையாளம் கண்ட குவாசார், பருமன் ஏறத்தாழ 12.9. ஈட்டா கன்னி என்ற நட்சத்திரத்திலிருந்து வடகிழக்கே சுமார் மூன்றரை பாகை. 8 அங்குலம், இருண்ட வானம், 13 பருமன் வரை காட்டும் வரைபடம் மூன்றும் வேண்டும். அரை மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டு, 150 மடங்கு உருப்பெருக்கத்தில், நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். பக்கத்துச் சாதாரண நட்சத்திரங்களைப் போன்ற ஒரு புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளியின் ஒளி இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், கோண உந்தத்தை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே சரிந்த வாயுவிலிருந்து கிளம்பியது.